கிளினிக்கை மூடிவிடலாமா என்று கேட்ட டாக்டரம்மாவுக்கு

கேள்வி: நான் எம்.பி.பி.எஸ். முடித்தவள், வயது 34. சங்கரன்கோவில் பக்கம் ஒரு சின்ன ஊரில் நான்கு வருடமாகத் தனியாக கிளினிக் நடத்துகிறேன். கணவருக்கு கோயம்புத்தூரில் வேலை. மாமனார், மாமியார், ஆறு வயது மகள் என்னோடு இருக்கிறார்கள். காலையில் இருபது பேர் வருவார்கள், மாலை ஐந்து மணிக்கு மேல் எழுபது எண்பது பேர். வீட்டுக்குப் போக இரவு பத்தரை ஆகிறது. மூன்று வருடம் கூட இருந்த சிஸ்டர், இரண்டாயிரம் ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். மாத்திரையோடு சேர்த்து 100 ரூபாய் வாங்குகிறேன், அதிலும் பலர் "அப்புறம் தாரேன்" என்று போய்விடுகிறார்கள். மாதக் கடைசியில் கையில் என்ன நிற்கிறது என்றே தெரியவில்லை. போன மாதம் ஒரு குழந்தைக்கு ஊசி தேவையில்லை என்று சொன்னதற்கு அப்பா சத்தம் போட்டு, செல்போனில் வீடியோ எடுத்தார். இதற்கு நடுவே ஒரு லேப்காரர் வந்து எழுதுகிற டெஸ்டுக்கெல்லாம் பங்கு தருகிறேன் என்கிறார். பக்கத்துத் தெருவில் ஒரு சீனியர் டாக்டர் இருக்கிறார், பேசிப் பழக்கமில்லை. நான்கு வருடத்தில் ஒரு நாள்கூட முழுதாக லீவு போட்டதில்லை. இப்போதெல்லாம் காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே அழுகை வருகிறது. பேசாமல் இதை மூடிவிட்டு மதுரையில் ஏதாவது பெரிய ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டராகப் போய்விடலாமா?

பதில்:

டாக்டர், உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முசிறியில் முப்பது வருடத்துக்கு மேல் இதே வேலையைச் செய்கிறவன் என்பதால், அதில் ஒரு வரிகூட எனக்குப் புதிதாக இல்லை. சிஸ்டர் போனது, கடன் நோட்டு, வீடியோ எடுத்த அப்பா எல்லாவற்றுக்கும் வருகிறேன். ஆனால் நம்மிடம் ஒரு நோயாளி ஏழு தொந்தரவு சொன்னால் அதில் எது அவசரமோ அதைத்தானே முதலில் பார்ப்போம். நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் கடைசியில் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன வரி ஒன்று இருக்கிறது. ஷட்டரைத் தூக்கும்போது அழுகை வருகிறது என்கிற வரி.

இதே வரியை உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்து ஒரு பள்ளிக்கூட டீச்சர் சொன்னால் என்ன செய்வீர்கள்? தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, எத்தனை நாளாக இப்படி என்று கேட்பீர்கள், ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொல்வீர்கள், உயிரோடு இருந்து என்ன என்கிற எண்ணம் வருகிறதா என்றும் தயங்காமல் கேட்பீர்கள். அதையெல்லாம் உங்களிடம் கேட்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் நீங்களாக இருக்கக் கூடாது. 2009ல் எனக்கு இதே மாதிரி ஒரு காலம் வந்தது. தூக்கம் வரவில்லை என்று எனக்கு நானே அல்பிரசோலம் எழுதிக்கொண்டு ஏழு மாதம் சாப்பிட்டேன். என் மனைவி அட்டையை எண்ணிப் பார்த்துவிட்டு, என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு திருச்சிக்குப் போய் ஒரு மனநல மருத்துவர் முன்னால் உட்கார வைத்த பிறகுதான் அது நின்றது. அதனால் சொல்கிறேன், உங்களுக்கு நீங்களே மருந்து எழுதாதீர்கள். திருநெல்வேலியிலோ மதுரையிலோ ஒரு நல்ல டாக்டரிடம் சாதாரண நோயாளியாக டோக்கன் வாங்கிப் போய் உட்காருங்கள். போக நேரம் கிடைக்கவில்லை, இன்றைக்கே யாரிடமாவது பேச வேண்டும் போல் இருக்கிறது என்றால் 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவிச் சேவை இருக்கிறது, இலவசம், தமிழில் பேசலாம், நடு ராத்திரியிலும் எடுப்பார்கள். டாக்டராக இருந்துகொண்டு அங்கே பேசுவதா என்று யோசிக்க வேண்டாம்.

சரி, மூடலாமா என்கிற கேள்விக்கு வருகிறேன். இந்த மாதம் வேண்டாம், அடுத்த மாதமும் வேண்டாம். ஆறு மாதம் கழித்து, நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலையில் முடிவு செய்யுங்கள். அப்போதும் மூடத்தான் தோன்றினால் தாராளமாக மூடலாம், அதில் கேவலம் எதுவும் இல்லை. நோயாளிகளுக்கு முன்கூட்டிச் சொல்லி, அவர்கள் குறிப்புகளை அவர்கள் கையிலேயே கொடுத்து, பக்கத்தில் யாரிடம் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்களை வாட்டுவது வைத்தியம் பார்க்கிற வேலை கிடையாது. டாக்டர், மேனேஜர், கணக்குப்பிள்ளை, காவலாளி என்று நாலு பேர் வேலையை ஒருத்தி தனியாகச் செய்கிறீர்கள், கேட்க ஆள் இல்லை, மாற ஆள் இல்லை. கிளினிக்கை நடத்துங்கள், தனியாக மட்டும் நடத்தாதீர்கள். கீழே எழுதப் போவது எல்லாமே இந்த ஒரு விஷயம்தான்.

முதல் ஆள், பக்கத்துத் தெரு சீனியர் டாக்டர். பேசிப் பழக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் எங்கள் ஊரில் இப்படி ஒருத்தர் இருந்தார். எட்டு வருடம், எதிர்ப்பட்டால் தலையை ஆட்டிவிட்டுப் போவோம், அவ்வளவுதான். அவர் நோயாளி என்னிடம் வந்தால் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம், என் நோயாளி அவரிடம் போனால் ராத்திரி தூக்கம் வராது. 2003ல் என் அப்பா இறந்தபோது பதினாறு நாள் கிளினிக் மூடியிருந்தது. காரியம் முடிந்து திறந்த அன்று அவர் ஒரு நோட்டைக் கொடுத்தனுப்பினார். அந்தப் பதினாறு நாளில் அவரிடம் போன என் நோயாளிகள் ஒவ்வொருவருடைய பெயர், என்ன தொந்தரவு, என்ன கொடுத்தார், என்னிடம் எப்போது திரும்ப வரச் சொன்னார் என்று எல்லாம் அதில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் "உங்கள் சர்க்கரை நோயாளிகள் மூன்று பேருக்குக் காலைப் பாருங்கள்" என்று தனியாக ஒரு வரி. நான் அந்த நோட்டை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். அதன் பிறகு என் புதன்கிழமை மாலை அவருடையது, அவருடைய ஞாயிறு காலை என்னுடையது. வருடத்துக்குப் பத்து நாள் அவர் ஊருக்குப் போவார், பத்து நாள் நான் போவேன். இந்த ஏற்பாட்டில் எந்தப் பக்கமும் நோயாளி குறையவில்லை. டாக்டர் இல்லாத நாளில் யாரிடம் போவது என்று தெரிந்திருப்பதே மக்களுக்கு ஒரு தைரியம்.

இந்த மாற்று ஏற்பாடு நடக்க ஒரு நிபந்தனை உண்டு. நீங்கள் எழுதுவதை இன்னொரு டாக்டர் படித்துப் புரிந்துகொள்ள முடிய வேண்டும். கூட்டத்தில் நாம் எழுதுகிற சீட்டில் மாத்திரைப் பெயர் மட்டும்தான் இருக்கும், எதற்குக் கொடுத்தோம் என்பது நம் மண்டையில் இருக்கும். ஒவ்வொருவருக்கும் நான்கு வரி போதும்: என்ன சொன்னார், என்ன பார்த்தேன், என்ன நினைக்கிறேன், என்ன கொடுத்தேன். கம்ப்யூட்டரில் போட முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் நீண்ட நாள் நோயாளிகளுக்கு மட்டுமாவது இருபது ரூபாய் நோட்டு ஒன்று வாங்கச் சொல்லி அதிலேயே எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். ஏதாவது வழக்கு என்று வந்தால் உங்களைக் காப்பாற்றப் போவதும் அந்த நான்கு வரிதான். காசு வாங்கிக்கொண்டு செய்கிற வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. அங்கே போய் நின்றால் எழுதி வைக்காத எதையும் செய்ததாக நிரூபிப்பது பெரும்பாடு.

அடுத்தது நேரம். ஐந்திலிருந்து பத்தரை வரை 330 நிமிஷம், எழுபத்தைந்து பேர், ஆளுக்கு நாலரை நிமிஷம்கூட வராது. இதில் கதவைத் திறந்து உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிடுகிற நேரமும் சேர்த்தி. உங்கள் மாலைக் கூட்டத்தை ஒரு வாரம் சும்மா எண்ணிப் பாருங்கள். என் கணக்கில் பத்துக்கு நான்கு பேர் பிரஷர், சுகர், தைராய்டு, ஆஸ்துமா என்று பழைய மாத்திரையைத் தொடர வருகிறவர்கள். அவர்களுக்கு மாலையில் வர வேண்டிய அவசியமே கிடையாது, காய்ச்சல்காரர்கள் நடுவில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து இருமலை வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள். அவர்களைச் செவ்வாய், வெள்ளி காலைக்கு மாற்றுங்கள், பெயர் எழுதி நேரம் கொடுத்துவிடுங்கள். உள்ளே வருவதற்கு முன்னாலேயே எடை, பிரஷர், வெறும் வயிற்று சுகர் எல்லாம் சீட்டில் ஏறியிருக்க வேண்டும். உங்கள் காலை நேரம் இருபது பேரோடு பாதி காலியாகத்தானே கிடக்கிறது. இரவு எட்டரையோடு டோக்கன் நிறுத்தம் என்று பலகை வையுங்கள். முதல் மாதம் முணுமுணுப்பு இருக்கும், கொஞ்சம் பேர் வேறு பக்கம் போவார்கள், போகட்டும். அவசரம் என்று வந்தால் எட்டரைக்கு மேலும் பார்ப்பீர்கள் என்று ஊருக்கே தெரியும். எட்டரைக்கு மேல் வருகிற பாதிப் பேர், டாக்டர் எப்படியும் பத்து மணி வரை இருப்பார் என்பதால்தான் அந்நேரம் கிளம்பி வருகிறார்கள்.

இந்தக் காலை நேரம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். போன வருடம் ஒரு பாட்டி இரண்டு காலும் வீங்கிப்போய் வந்தார். மாலைக் கூட்டமாக இருந்தால் நான் நீர் பிரிய ஒரு மாத்திரை எழுதி அனுப்பியிருப்பேன், பொய் சொல்லவில்லை. அன்று காலை நேரம், அவசரமில்லை, வீட்டில் சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் எடுத்துப் போடுங்கள் பாட்டி என்றேன். மடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து மேஜை மேல் கவிழ்த்தார். அதில் இரண்டு கவர் இருந்தது. ஒன்று என் கிளினிக் கவர், இன்னொன்றில் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து கொடுத்த மாத்திரை. இரண்டிலும் ஒரே பிரஷர் மாத்திரை, அம்லோடிபின், அளவு கூடினால் காலை வீங்க வைப்பது. ஒன்று டாக்டர் கொடுத்தது, ஒன்று கவர்மெண்டு கொடுத்தது, இரண்டையும் வீணாக்கக் கூடாது என்று மூன்று மாதமாகக் காலையில் அது, ராத்திரி இது. ஒன்றை நிறுத்தினோம், வீக்கம் வடிந்துவிட்டது. 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் வந்தபோது நம்மைப் போன்ற பலர் நோயாளி குறைந்துவிடுவார்கள் என்று பயந்தார்கள். அப்படிப் பார்க்க வேண்டியதில்லை. மாத்திரை அங்கே இலவசமாக வாங்கட்டும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை உங்களிடம் வந்து காட்டட்டும், பையோடு வரச் சொல்லுங்கள். காசநோயும் அப்படித்தான். தனியார் டாக்டர் பார்க்கிற காசநோயாளியையும் நிக்ஷய் என்கிற அரசு இணையதளத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும், அது சட்டம். ஆனால் பதிவு செய்த பிறகு மருந்து இலவசம், சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய், வீட்டுக்குப் போய் மாத்திரை சாப்பிட்டாரா என்று பார்க்க அரசு ஊழியர் என்று எல்லாம் பின்னால் வருகிறது. உங்களால் தனியாக இதையெல்லாம் செய்ய முடியுமா சொல்லுங்கள்.

சிஸ்டர் விஷயம். இரண்டாயிரம் ரூபாய்க்காகப் போய்விட்டாள் என்று நீங்கள் எழுதியதில் வருத்தம் தெரிகிறது, ஆனால் அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. நீங்கள் பத்தரை வரை இருந்தால் அவளும் பத்தரை வரை இருந்திருப்பாள், அந்நேரத்துக்குப் பஸ் ஏது? ஒரே ஆளை முழு நாளும் வைத்துக்கொள்வதற்குப் பதில் இரண்டு பேரை வையுங்கள், காலைக்கு ஒருத்தர், மாலைக்கு ஒருத்தர், ஒருத்தர் வராத நாள் இன்னொருத்தர் பார்த்துக்கொள்ளட்டும். ஊசி போடவும் டிரிப்ஸ் பார்க்கவும் முறையாகப் படித்த நர்ஸ்தான் வேண்டும், அதில் சமாதானமே கூடாது. டோக்கன், காசு, சீட்டு எழுதுவதற்கு ஊரிலேயே ஒரு பொறுப்பான பெண்மணி போதும். வேலைக்கு எடுக்கும்போதே சம்பளம், லீவு, தீபாவளி போனஸ் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். வருடா வருடம் அவர்கள் கேட்பதற்கு முன்னால் சம்பளத்தைக் கூட்டுங்கள்.

டோக்கன் மேஜையில் உட்காருகிறவருக்கு நீங்கள் கற்றுக்கொடுக்க வேண்டிய முதல் பாடம், யாரை வரிசையில் உட்கார வைக்கக் கூடாது என்பது. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், துவண்டு கிடக்கிற குழந்தை, ரத்தப்போக்கோடு வருகிற கர்ப்பிணி, பாம்புக்கடி, வலிப்பு, ஒரு பக்கம் கை கால் வராமல் போனது, இவ்வளவும் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். எங்கள் மேஜையில் இருக்கிற அம்மா பத்தாவது வரை படித்தவர். நான்கு வருடம் முன்பு ஒரு சனிக்கிழமை, டோக்கன் 31, வாயுத்தொந்தரவு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார் ஒரு மளிகைக் கடைக்காரர். ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தும் சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது, இடது தோளைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார் என்று அந்த அம்மா கவனித்து, உள்ளே இருந்த நோயாளியை எழுப்பிவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஈ.சி.ஜி.யில் மாரடைப்பு என்று தெளிவாகத் தெரிந்தது. ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லி, 108ல் ஏற்றினோம். இப்போதும் அந்தக் கடையில்தான் எங்கள் வீட்டுப் பலசரக்கு. எனக்கு நன்றி சொல்லும்போதெல்லாம் அந்த அம்மாவுக்குச் சொல்லுங்கள் என்பேன்.

இப்போது பணம். நம் ஊரில் இதைப் பற்றிப் பேசவே கூச்சப்படுகிறோம். வடசென்னையில் ஐந்து ரூபாய் டாக்டர் என்று பெயர் வாங்கிய ஜெயச்சந்திரன், வியாசர்பாடியில் இரண்டு ரூபாய் டாக்டர் திருவேங்கடம் வீரராகவன் இவர்களையெல்லாம் நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அவர்களை நினைத்துக்கொண்டு, சம்பளம் கொடுக்க முடியாமல், வாடகை கொடுக்க முடியாமல், கடைசியில் கிளினிக்கை மூடினால் உங்கள் ஊருக்கு என்ன லாபம்? மாத்திரையோடு 100 ரூபாய் என்கிறீர்கள். மூன்று நாள் மாத்திரைக்கு உங்களுக்கு என்ன செலவு என்று பில்லைப் பார்த்துக் கணக்குப் போட்டிருக்கிறீர்களா? என் கிளினிக்கில் அது முப்பத்தைந்து ரூபாய்க்குக் குறைவதில்லை. மீதி 65ல்தான் வாடகை, கரண்டு, இரண்டு சம்பளம், பஞ்சு, கையுறை, கழிவு எடுக்கிறவர் எல்லாம். மாத்திரையைத் தனியாகவும் பார்க்கிற காசைத் தனியாகவும் பிரியுங்கள். கடை நடத்தாமல் உங்கள் சொந்த நோயாளிக்கு மட்டும் மருந்து கொடுக்கத் தனி லைசென்ஸ் தேவையில்லை, ஆனால் வாங்கிய பில், பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் கையில் இருக்க வேண்டும். பலருக்கு முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ வாங்கிக்கொள்ள எழுதிக் கொடுத்தாலே மலிவாக முடியும். மருந்தின் பொதுப் பெயரைத் தெளிவாகப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.

இலவசமாகப் பார்க்க வேண்டியவர்களை இலவசமாகவே பாருங்கள், ஆனால் யாருக்கு என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். எங்கள் கிளினிக்கில் முதியோர் பென்ஷன் வாங்குகிற தனியாள் பாட்டி தாத்தாக்கள், அப்புறம் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள், இவர்களிடம் வாங்குவதில்லை. மற்றவர்களுக்கு ஃபீஸ் பலகையில் எழுதியிருக்கிறது, வெளியே மேஜையில் முதலிலேயே கட்டிவிட்டு உள்ளே வருகிறார்கள். நீங்கள் கையால் காசு வாங்குகிறவரை "அப்புறம் தாரேன்" நிற்காது, டாக்டரம்மா முகத்தைப் பார்த்துக் கேட்க மாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். கிளினிக்குக்கு என்று ஒரு தனி வங்கிக் கணக்கு, அதிலிருந்து மாதம் ஒன்றாம் தேதி உங்களுக்கு ஒரு சம்பளம், வீட்டுச் செலவு அந்தச் சம்பளத்தில் மட்டும். இதைச் செய்த மூன்றாவது மாதம் கையில் என்ன நிற்கிறது என்று தெரிந்துவிடும். வருமான வரிக்குப் பயந்து கணக்கைத் தள்ளிப்போட வேண்டாம். ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருக்கிற டாக்டர், வரவில் பாதியை வருமானமாகக் காட்டி வரி கட்டுகிற எளிய வழி சட்டத்திலேயே இருக்கிறது. நல்ல ஆடிட்டர் ஒருத்தரைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கம் சேர வேண்டிய இரண்டாவது ஆள் அவர்.

லேப்காரர் தருவதாகச் சொன்ன பங்கை வாங்காதீர்கள். கமிஷன் வாங்கக் கூடாது என்று மருத்துவ கவுன்சிலின் 2002 நெறிமுறையிலேயே இருக்கிறது, அது ஒரு பக்கம். ஒரு தடவை வாங்கிவிட்டால், அடுத்த நாள் ஒரு டெஸ்ட் எழுதும்போது அது நோயாளிக்காகவா, நமக்காகவா என்று நமக்கே தெரியாமல் போகும், அதுதான் என் பயம். என்னிடம் வந்தவரிடம் ஒன்று சொன்னேன், எனக்குத் தருவதாகச் சொன்ன அந்தக் காசை என் சீட்டோடு வருகிறவர்களுக்குக் கழித்துக்கொடுங்கள் என்று. யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார், இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது.

இனி, வீடியோ எடுத்த அப்பா. ஊசி வேண்டாம் என்று நீங்கள் சொன்னது சரி, நூற்றுக்கு நூறு சரி. 1998ல் நான் இடுப்பு வலிக்கு ஒருத்தருக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டேன், அவரே கேட்டுப் போட்டுக்கொண்டதுதான். எழுந்து சட்டையை மாட்டுகிறார், உதடு தடித்துக்கொண்டே போகிறது, பேச்சு குழறுகிறது, பிடித்த கையில் நாடி கிடைக்கவில்லை. இப்படி அலர்ஜி தாக்கினால் உடனே போட வேண்டிய அட்ரினலின் கையெட்டுகிற தூரத்தில் ட்ரேயில் இருந்ததால், அரை மில்லி தொடையில் போட்டு, காலைத் தூக்கி வைத்து, அவரைத் திரும்பக் கொண்டுவந்தோம். அந்தப் பத்து நிமிஷத்துக்குப் பிறகு நான் தேவையில்லாத ஊசி போட்டதே இல்லை. உங்கள் மேஜையிலும் அந்த ட்ரே இருக்கிறதா, அட்ரினலின் காலாவதி ஆகிவிட்டதா என்று இதைப் படித்து முடித்ததும் போய்ப் பாருங்கள்.

ஆனால் அந்த அப்பா ஏன் கத்தினார்? வேலையை விட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, உங்களிடம் இரண்டு மணி நேரம் காத்திருந்தவர். ஊசி வேண்டாம் என்ற உடனே, என் பிள்ளைக்கு ஒன்றும் செய்யாமல் அனுப்புகிறாள் என்றுதான் அவருக்குக் கேட்டிருக்கும். வேண்டாம் என்பதோடு நிறுத்தாமல், வேறு ஒன்றைக் கொடுத்து அனுப்ப வேண்டும். "நாளைக்கும் காய்ச்சல் வரும், நாளை மறுநாளும் வரலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். குடிக்காமல் இருந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகாவிட்டாலோ, காய்ச்சல் விட்ட பிறகு துவண்டு படுத்தாலோ ராத்திரியானாலும் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்" என்று சொல்லி, அதையே தமிழில் அச்சடித்த சின்னத் தாளாகக் கையில் கொடுங்கள். மூன்றாம் நாள் காலை உங்கள் மேஜையிலிருந்து ஒரு போன், பிள்ளை எப்படி இருக்கிறான் அண்ணாச்சி என்று. எங்கள் ஊரில் இதைச் செய்ய ஆரம்பித்த பிறகு ஊசிச் சண்டை கிட்டத்தட்ட நின்றேவிட்டது.

மரியாதையாகப் பேசியும் எகிறுகிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். இரவில் கிளினிக்கில் நீங்கள் தனியாக ஒரு நாளும் இருக்கக் கூடாது. காத்திருக்கும் இடத்தில் ஒரு கேமரா, பக்கத்துக் கடை அண்ணாச்சிகள் இரண்டு பேர் நம்பர், காவல் நிலைய நம்பர் எல்லாம் மேஜையில் இருக்கட்டும். கிளினிக்கில் அடிதடி, பொருள் சேதம் என்றால் தமிழ்நாட்டில் 2008லிருந்து தனிச் சட்டமே இருக்கிறது, ஜாமீனில் வர முடியாத குற்றம் அது. ஏதாவது நடந்தால் அன்றைக்கே எழுதிப் புகார் கொடுங்கள். இந்திய மருத்துவச் சங்கத்தின் (ஐ.எம்.ஏ.) உள்ளூர்க் கிளையில் சேர்ந்துவிட்டீர்களா? சேராவிட்டால் சேருங்கள், தொழில் பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் பெயர் இருக்கட்டும், வக்கீல் நோட்டீஸ் வந்த அன்று யாரைக் கூப்பிடுவது என்று தேடிக்கொண்டிருக்கக் கூடாது. அந்த மாதாந்தரக் கூட்டத்துக்கும் போங்கள், பேச்சு எப்படி இருந்தாலும் சாப்பிடும்போது பக்கத்தில் உட்காருகிற டாக்டர்களிடம் கிடைக்கிற பேச்சு உங்களுக்கு இப்போது தேவை. கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்ததும் வேலூர் சி.எம்.சி.யின் தொலைநிலைக் குடும்ப மருத்துவப் படிப்பைப் பற்றி விசாரித்துப் பாருங்கள், கிளினிக் நடத்திக்கொண்டே படிக்கலாம்.

காகிதங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முடிகிற வேலை. மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் கிளினிக் பதிவு, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, கழிவு எடுக்கிற நிறுவனத்தோடு ஒப்பந்தம், மெடிக்கல் கவுன்சில் பதிவு, எல்லாம் ஒரே ஃபைலில். முடிகிற தேதிகளை முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில், ஊசி கழற்றிய சிரிஞ்ச் சிவப்புப் பையில், கழற்றிய ஊசி, துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில், கண்ணாடி நீலத்தில், 48 மணி நேரத்துக்கு மேல் எதுவும் தங்கக் கூடாது. புது சிஸ்டருக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு "டாக்டரம்மா, பாப்பாவுக்குச் சொறி" என்று போட்டோ வராமல் இருக்காது. கிளினிக்குக்கு ஒரு தனி நம்பர் வாங்கி, அந்த போனைக் கிளினிக்கிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். மதியம் ஒரு மணி நேரம் அதைப் பார்க்கலாம். போனில் சொன்ன வைத்தியத்தையும் எழுதி வைக்க வேண்டும், 2020ல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல் அதைத்தான் சொல்கிறது. உங்கள் மகளுக்கு ஆறு வயது என்கிறீர்கள். எட்டரைக்கு டோக்கன் நிறுத்தினால் ஒன்பதே கால் மணிக்கு வீட்டில் இருப்பீர்கள், அவள் சில நாள் முழித்திருப்பாள்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்யப் பார்க்காதீர்கள் அம்மா. இந்த வாரம் இரண்டே இரண்டு. ஒன்று, உங்களைப் பார்க்கிற டாக்டரிடம் நாள் குறியுங்கள். இன்னொன்று, வியாழக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு, காலை ஓ.பி. முடிந்து அவர் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கிற நேரம் பார்த்து, பக்கத்துத் தெருவுக்குப் போங்கள். "சார், நான் அடுத்த தெருவில் இருக்கிறேன், மாதத்துக்கு ஒரு ஞாயிறு என் நோயாளிகளைப் பார்த்துக்கொள்வீர்களா, உங்களுக்கு என்ன நாள் வேண்டும்?" என்று நேராகக் கேளுங்கள். அவருக்கும் லீவு கிடைத்துப் பல வருடம் ஆகியிருக்கும்.